மேல்மண்ணின் ருசி

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு மண் என்பது அப்புறப்படுத்த வேண்டிய பொருள். சுரங்கத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் இது விளங்கிவிடும். மேலே செக்கச்சிவந்த மண். அதற்குக் கீழே மஞ்சளும் வெளிர்சாம்பலுமாக மணற்கல்லும் களியும் படிப்படியாக இறங்கும். எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பாகப் பழுப்பு நிலக்கரி. அந்தக் கறுப்பைத் தொடுவதற்காக, ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்கள் இரவு பகலாகச் சுரண்டி பெல்ட்டில் கொட்ட, மண் கிலோமீட்டர் கணக்கில் ஓடிப்போய் மலையாகக் குவிகிறது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரையும் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் அப்பா முதல் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் இருந்தவர். ‘மேல்மண்’ என்று அவர் சொல்லும்போது, கல்யாண வீட்டில் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் பற்றிப் பேசுகிற சலிப்பு தொனிக்கும்.

இந்த மேல்மண்ணுக்குப் புவியியல்காரர்கள் வைத்த பெயர் கடலூர் மணற்கல். நெய்வேலியோடு அது முடிந்துவிடவில்லை. வடக்கே பண்ருட்டி மேட்டு நிலங்கள் வழியாகப் போய், புதுச்சேரிக்கு மேற்கே திருவக்கரையில் தலைகாட்டுகிறது. அங்கே கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்கள், 2 கோடி ஆண்டுப் பழமை சொல்லப்படும் மரங்கள், இந்த மணற்கல்லிலிருந்து வெளிப்பட்டவைதாம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வராமல் இருந்திருந்தால், 1956இல் சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யும் பிறந்திருக்காது, எங்கள் டவுன்ஷிப்பின் வட்டங்கள் இருக்கும் இடமெல்லாம் இன்றைக்கும் முந்திரிக்காடாகத்தான் இருந்திருக்கும். நாங்கள் பெல்ட்டில் ஏற்றித் தூர எறிகிற அதே மண்ணில், அரை மணி நேரத் தொலைவில், தமிழ்நாட்டின் பேர்போன பலா காய்க்கிறது.

இதை எனக்கு நினைவூட்டியது ஒரு தீவு. அக்கா மகன் கொலோனில் வேலை பார்க்கிறான். (அந்த ஊருக்குப் பக்கத்திலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள், அதே பக்கெட் வீல், நெய்வேலிப் பிள்ளைக்கு வேறெங்கே வேலை கிடைக்கும்!) கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவுக்குப் போய் ஒயின் தோட்டத்தில் ருசிபார்த்துச் சாப்பிட்டு வந்த கதையை, மே மாதம் ஊருக்கு வந்தபோது விலாவாரியாகச் சொன்னான். கி.மு. 1600 வாக்கில் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது. மிஞ்சிய நிலத்தின்மேல் சாம்பலும் நுரைக்கல்லும் ஆள் உயரத்துக்கும் மேலாகப் படிந்தன. மழை சொற்பம், காற்று மூர்க்கம். ஆகவே அங்கே திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. தரையிலேயே வளைத்து வளைத்துக் கூடையாக முடைகிறார்கள். குலைகள் கூடைக்குள் பத்திரமாகத் தொங்கும். கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களைத் தின்று தீர்த்த பிலாக்ஸெரா பூச்சிக்கு இந்தச் சாம்பலில் பிழைக்க வழியில்லை. அதனால் கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

“ரெண்டு மணி நேரம் மண்ணப் பத்தியே பேசினாங்க மாமா. அதுக்குக் காசு வேற” என்றான். முதலில் அஸிர்டிகோ என்ற வெள்ளை ஒயின். எலுமிச்சையும் உப்பும் கலந்தாற்போல் இருந்ததாம். கடைசியில் வின்சாண்டோ. திராட்சையை வெயிலில் வாட்டிப் பிழிவதால் பாகு மாதிரி இனிக்கும். நடுவில் தட்டில் பருப்பு மசியல், தக்காளி வடை, கேப்பர் மொட்டு ஊறுகாய். எனக்கு ஒயினைவிட இன்னொரு செய்திதான் பிடித்தது: அந்த எரிமலைச் சாம்பலை வெட்டி, 1860களில் சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்தில் காரைக்குச் சேர்க்கக் கப்பல் கப்பலாக அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் ஒரு சுரங்கத் தீவுதான். சுரங்கம் மூடியபிறகு மண்ணைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி விற்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

“நாளைக்கு வா, நம்ம மண்ணையும் காட்டறேன்” என்றேன்.

டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி கும்பகோணம் சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால், வடக்குத்து, காடாம்புலியூர், பணிக்கன்குப்பம், பண்ருட்டி. கத்திரி வெயில். சாலையோரக் கடைகளில் பலாப்பழம் குவியல் குவியலாக, பக்கத்தில் முந்திரிப் பாக்கெட். இந்தக் கடைகளில் பழம் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் எந்த மரம் என்று கேட்டால் பதில் வராது. கோயம்பேட்டுக்கும் வெளிமாநிலங்களுக்கும் போகிற லாரியிலிருந்து இறங்கியதும் ஏறாததும் கலந்து கிடக்கும். நாங்கள் போனது காடாம்புலியூர் தாண்டி உள்ளே ஒரு தோப்பு. அப்பாவின் நண்பர் வழிப் பழக்கம். தோப்புக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் டவுன்ஷிப் ஆட்களை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

டிக்கெட் இல்லை, பலகை இல்லை. கயிற்றுக் கட்டில், கோணிச் சாக்கு, ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய். ஆனால் இந்த மனிதர் நடத்தியதை ருசிபார்ப்பு என்றல்லாமல் வேறென்ன பெயர் சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை.

முதலில் காதால் ஆரம்பித்தார். கத்தியின் பின்புறத்தால் மரத்தில் தொங்கிய பழங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். காய் ‘டண்’ என்கிறது. முற்றியது ‘தொப்’ என்று உள்ளே வாங்கிக்கொள்கிறது. பிறகு கண்: காயாக இருக்கும்போது முள் நெருக்கமாகவும் கூராகவும் இருக்கும், முற்ற முற்றப் பழம் பருத்து, முள்ளுக்கும் முள்ளுக்கும் இடைவெளி விழும், முனை மழுங்கும். கடைசியில்தான் மூக்கு. “வாசம் வந்தப்புறம் யார் வேணா சொல்லிடலாம் சார். வாசத்துக்கு முந்தி சொல்லணும்.” மேலே ஏறிய பையன் காம்பில் கயிற்றைச் சுருக்குப் போட்டு, வெட்டி, பழத்தைக் குழந்தையை இறக்கும் நிதானத்தில் இறக்கினான். கீழே போட்டால் அடிபட்ட பக்கம் ஒரே நாளில் அழுகிவிடும்.

வெட்டுவதற்கு முன் கத்திக்கும் உள்ளங்கைக்கும் எண்ணெய். குறுக்கே ஒரு வட்டம் கீறி, இரண்டாகத் திருகிப் பிரித்தார். வெள்ளைப் பால் பொங்கியது. வைக்கோல் சுற்றிய குச்சியால் அதை ஒற்றி ஒற்றி எடுத்தார். நடுத்தண்டை அரிந்து வீசியதும், பிடி தளர்ந்து சுளைகள் தாமாக விரிந்தன. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. ஒரு பலாப்பழம் என்பது ஆயிரக்கணக்கான பூக்கள் ஒட்டிப் பிறந்த குடும்பம். மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது, சேராத பூ சக்கையாகச் சுளைகளின் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. மருமகன் அந்தச் சக்கையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மரத்துப் பழங்கள். முதல் மரத்துச் சுளை வெளிர்மஞ்சள், தடிமன். கடித்தால் நறுக்கென்று உடைகிறது, இனிப்பு தயங்கித் தயங்கி வருகிறது. இரண்டாவது ஆரஞ்சுக்கு நெருக்கமான நிறம். சாறு அதிகம், வாசனை அறை முழுக்க நிற்கிற ரகம். மூன்றாவது பழம் சிறியது, பார்க்க லட்சணம் இல்லை. சுளை மெலிசு, கொஞ்சம் நார். வாயில் போட்டதும் தேனைத் தொட்டு நாக்கில் வைத்ததுபோல் தொண்டை வரை இறங்கியது. வரிசையையும் அவர்தான் வைத்தார். “இனிப்பானத மொதல்ல தின்னுட்டா மத்ததெல்லாம் சப்புன்னு போயிடும் தம்பி.” மருமகன் என்னைப் பார்த்தான். வின்சாண்டோவைக் கடைசியில் ஊற்றுவதற்குச் சாண்டோரினியில் அவனுக்குச் சொன்ன காரணமும் அதுதானாம்.

மூன்றும் ஒரே தோப்பு, ஒரே மண், ஏறக்குறைய ஒரே வயது. ஏன் இப்படி? மூன்றாவது மரம் மேட்டில் நிற்கிறது என்றார். தண்ணீர் நிற்காது, மழை பெய்த மறுநாளே மண் காய்ந்துவிடும். “தண்ணி நின்னா சுளை ஊதும். எட ஏறும், இனிப்பு எறங்கும். வியாபாரிக்கு எட வேணும். எனக்கு இந்த மரம் வேணும்.” தோப்பின் மற்ற மரங்களைப் பிஞ்சிலேயே வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிடுகிறவர், இதை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் மேடு பள்ளம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் கொட்டை. திராட்சையைக் கொடி வெட்டி நடுகிறார்கள். இன்று சாண்டோரினியில் இருக்கும் அஸிர்டிகோ, எத்தனையோ தலைமுறைக்கு முந்திய கொடியின் அசல் நகல். பலா அப்படியில்லை. பண்ருட்டியின் பழைய மரங்கள் எல்லாம் கொட்டை போட்டு முளைத்தவை. எந்த மரத்து மகரந்தம் எந்தப் பூவில் விழுந்ததோ, ஒவ்வொரு கொட்டையும் தனிப்பிறவி. தேன்போல இனிக்கும் மரத்தின் கொட்டையை விதைத்தால் அது வெறும் சப்பையாகவும் காய்க்கலாம். தெரிய ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். கொட்டையைக் காயவைத்துச் சேமிக்கவும் முடியாது, சூட்டோடு சூடாக நட்டால்தான் முளைக்கும். அதனால்தான் இங்கே ரகப் பெயர்கள் குறைவு, மரப் பெயர்கள் அதிகம்: கிணற்றடி மரம், பெரியாயி மரம், வேலியோர மரம். மாளிகம்பட்டில் ஏராளமாய்க் காய்க்கும் ஒரு முதிய மரத்துக்கு ‘ஆயிரங்காய்ச்சி’ என்றே பெயர். பாலூர் ஆராய்ச்சி நிலையம் பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றைப் பொறுக்கியெடுத்து பாலூர்-1 என்ற ரகத்தைக் கொடுத்திருக்கிறது. ஒட்டுக்கன்று இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. அண்மையில் பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஊருக்கு மொத்தமாக ஒரு முத்திரை குத்துவது, மரத்துக்கு மரம் மாறும் இந்தப் பழத்துக்குக் கொஞ்சம் தொளதொளச் சட்டை. எந்த மேட்டில் எந்த மரம் என்று சொல்லி விற்க யாரும் இன்னும் துணியவில்லை. சாண்டோரினிக்காரனிடம் இந்தத் தோப்பைக் கொடுத்தால் மூன்று மரத்துக்கும் மூன்று லேபிள் ஒட்டி, மூன்றாவதுக்கு விலையை நாலு மடங்கு வைத்திருப்பான்.

தோப்பில் வெற்றிடங்கள் இருந்தன. எங்கெங்கே என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், இந்த வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. இங்கே காலத்தையே ‘தானேக்கு முன்னாடி, தானேக்குப் பின்னாடி’ என்றுதான் பிரிக்கிறார்கள். தாத்தா வைத்த மரங்கள் ஒரு காலைப்பொழுதில் போயின. பண்ருட்டிப் பலாக்கட்டை தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற கட்டை. அவசரப்படாமல் விற்றிருந்தால் நல்ல விலை. சாய்ந்தது எல்லாம் ஒரே நாளில் என்பதால் வந்த விலைக்குப் போயிற்று. “இந்த மூணாவது மரம் மட்டும் எப்படி நின்னுச்சு?” என்று கேட்டேன். “வேரு ஆழம் சார். மேட்டுல தண்ணியத் தேடி கீழ போயிருக்கு.” ருசிக்குச் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதேதான்.

பலாவுக்குப் பின்னால் முந்திரி. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். இந்த மண்ணில் இப்படி ஒட்டிக்கொண்டதைப் பார்த்தால் அயலான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரத்தடியில் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் சிதறிக் கிடந்தன, கொட்டையைத் திருகி எடுத்தபிறகு வேண்டாதவையாக. பழத்தை உப்புத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். உப்புப் பட்டால் தொண்டையில் கரகரக்கும் காறல் அடங்கும். கோவாவில் இதே பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்துக் காய்ச்சி ஃபெனி செய்கிறார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்துக் கௌரவமும் செய்தாயிற்று. இங்கே அப்படிப் புளிக்கவைத்தால் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டும். அரசாங்கம் டாஸ்மாக்கில் விற்பதைக் குடிக்கலாம், சொந்தத் தோப்பில் விழுந்ததை அழுகத்தான் விடலாம். ஒயின் சுற்றுலாவுக்கு எங்கள் மாவட்டத்தில் இடமில்லாமல் போனது மண்ணின் குற்றம் அல்ல.

ஓட்டை போட்ட பழைய தகரத்தில் கொட்டைகளைப் பரப்பி, கீழே சருகை மூட்டினார் அவர் மனைவி. ஓட்டிலிருந்து எண்ணெய் பீறிட்டு, தகரம் குபுக்கென்று தீப்பிடித்துக் கரும்புகை எழுந்தது. சரியான நொடியில் குச்சியால் கவிழ்த்து மணலைத் தூவினார். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். உடைக்கும் பெண்களின் விரல்நுனியைப் பார்த்தால் தெரியும். ஆலைகளில் இப்போது ஆவியில் அவித்துத்தான் உடைக்கிறார்கள். இங்கே விளைவது ஆலைகளுக்குப் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்குமதி ஆகிறது; நெடுஞ்சாலையில் ‘பண்ருட்டி முந்திரி’ என்று வாங்கும் பாக்கெட்டில் ஐவரி கோஸ்ட்டும் பெனினும் இருக்கலாம். இந்தத் தகரத்திலிருந்து சூடாக எடுத்துத் தின்றதில் அந்தச் சந்தேகம் இல்லை. கொஞ்சம் கரி, நடுவில் பால்.

சாப்பாடு திண்ணையில், வாழையிலையில். பலாப்பிஞ்சை இறைச்சிபோல் துண்டுபோட்டு மிளகு தூக்கலாகப் பொரியல். பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. காயாத பச்சை முந்திரிப் பருப்பைத் தேங்காய்ப்பாலில் விட்ட கூட்டு. ருசி பார்த்தவரைக்கும் அந்தக் கூட்டுதான் அன்றைய ராஜா. பச்சை முந்திரி சீசனில் சில வாரங்கள்தான், அதையும் ஊர்க்காரர்கள் வெளியே விடுவதில்லை. குழம்பைப் பற்றி மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, மூன்று முறை சோறு வாங்கினான். “ஏங் கண்ணு, அந்த ஊர்ல சோறே போட மாட்டாங்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

கை கழுவியபின் பேச்சு நிலத்துக்கு வந்தது. வராமல் இருக்காது. சுரங்கம் எந்தப் பக்கம் நகரும் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாத் திண்ணைகளிலும் இருக்கிற கேள்வி. 2023 ஜூலையில் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெல்லின் நடுவே வாய்க்கால் வெட்ட என்.எல்.சி. இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நான் அந்தச் சம்பளத்தில் படித்தவன். என் வீட்டு விளக்கு எரிந்தது அந்த நிலக்கரியில். இரண்டு பக்கமும் பேச எனக்கு வாய் இருக்கிறது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்: “கீழ இருக்கறதுக்கு ஒரு வெல வெச்சிருக்காங்க சார். மேல இருக்கறதுக்கும் ஒண்ணு வெச்சாப் பேசலாம்.”

வெயில் சாய்வதற்குள் கடலூர் வழியாக அரிக்கமேட்டுக்குக் காரை விட்டோம். பின்சீட்டில் மூன்றாவது மரத்துப் பழங்கள் இரண்டு. ஏசி போட்டும் பயனில்லை, கார் முழுக்க வாசம். மருமகனுக்கு நான் காட்ட நினைத்த இன்னொன்று அங்கே இருந்தது: தீவு ஒயினுக்காக அவன் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை, அது 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்திறங்கியிருக்கிறது.

புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1769இல் சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்ப்பதற்கென்றே புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல், அன்று மேகம் மறைத்ததில் அதைக் கோட்டைவிட்டார். ஆனால் இந்தக் கரையில் பழைய செங்கல் கட்டுமானம் இருப்பதைக் குறித்துவைத்தார். 1937இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் இங்கே கிடைத்த மணிகளையும் ரோமானிய முகம் செதுக்கிய கல்லையும் பார்த்து உஷாரானார். 1944 ஜூலையில் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரியைத் திறந்தபோது கையில் தட்டுப்பட்டது மத்தியதரைக் கடல் ஜாடி ஒன்றின் கைப்பிடி. மறுவருஷமே தோண்ட ஆரம்பித்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். அந்தச் சில்லுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் கண்டது, ஒயின் ஜாடிகளில் மிக அதிகம் துருக்கிக் கரைக்கு அருகிலுள்ள கோஸ் தீவு வகை என்பதை.

முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போவது உத்தமம். மேட்டில் போய் ஏமாறுகிறவர்கள் அங்கே போகாதவர்கள். கோஸ் ஜாடியின் கைப்பிடியை அடையாளம் காண்பது சுலபம்: ஒரே தண்டாக இருக்காது, விரல் தடிமனில் இரண்டு களிமண் உருளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். குழந்தை செய்ததுபோல் எளிமை, ஆனால் உலகம் முழுக்கத் தெரிந்த முத்திரை. இத்தாலியர்கள் அந்த வடிவத்தையே காப்பியடித்துத் தங்கள் ஒயினை அடைத்தார்கள். ஜாடியை மட்டுமா? கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ, வீட்டிலேயே கோஸ் ஒயின் செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறார்: அறுவடைக்கு 70 நாள் முன்பு, காற்றில்லாத நாளில், ஆற்றுநீர் சேராத ஆழ்கடலுக்குப் போய் உப்புநீர் மொண்டு வரவேண்டும். ஆம், அந்த ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். “காலையில முந்திரிப்பழத்துக்குப் போட்ட உப்பு மாதிரி” என்றான் மருமகன்.

அந்த உப்பு ஒயின் செங்கடல் துறைமுகங்களில் ஏறி, பருவக்காற்றைப் பிடித்து, இந்த ஆற்றுமுகத்தில் இறங்கியிருக்கிறது. பழைய கிரேக்க நூலான ‘செங்கடல் பயண நூல்’ சொல்லும் பொதுகே என்ற துறைமுகம் இதுவாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் கருத்து. இறங்கிய சரக்கை யார் குடித்தார்கள்? இங்கே தங்கிய யவனர்கள் பாதி. மீதி உள்ளூர்ப் பெரிய இடங்கள். நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், யவனர் கலத்தில் வந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்டும் பெண்கள் வருகிறார்கள்.

மேட்டில் இப்போது பார்ப்பதற்கு அதிகம் இல்லை. வீலர் தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். உயர்ந்து நிற்கும் சிதைந்த சுவர்கள் ரோமானியருடையவை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார்களின் கட்டடம். மாமரமும் தென்னையும், ஆறு, அப்பால் படகுகள். காலடியில் செம்பழுப்பு ஓட்டுச் சில்லுகள் எங்கும் கிடக்கின்றன. எடுக்கக் கூடாது, எடுக்கவில்லை.

கேட்டருகே காவலாளி, காரைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டு, “பலாவா சார்?” என்றார். பண்ருட்டி என்றேன். “பண்ருட்டின்னா எந்த ஊரு?” சொன்னேன். முகம் சுளித்தார். மருமகன் இறங்கி, காரின் பின்கதவை மேசையாக்கி, காலையில் பார்த்த மாதிரியே கத்திக்கு எண்ணெய் தடவ வேண்டும் என்று என்னிடம் எண்ணெய் கேட்டான். எண்ணெய் இல்லை, கை முழுக்கப் பிசினாகப் பழத்தைப் பிரித்தோம். காவலாளி ஒரு சுளையை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார்.

“சுமார்தான்” என்றார். “என் மச்சான் மாளிகம்பட்டுல இருக்கான். அடுத்த சீசனுக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். அங்க தின்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.” கொட்டைகளை மட்டும் ஒன்று விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டார், ராத்திரிக் குழம்புக்காம்.